நான்காவது முயற்சி

பெயர் கால்பந்து.
காலுக்கு அதில் அதிகம் வேலையில்லை.
மூன்று முயற்சியில் பத்து கஜம் நகர முடியாமல்
நான்காவதில் கையை விரித்து,
பந்தை உதைத்து
எதிரியிடமே கொடுத்துவிடுவது என்று முடிவானால்
என்னைக் கூப்பிடுவார்கள்.

குனிவேன்.
கால்களுக்கு நடுவே தலைகீழாய்
நெப்ராஸ்கா தெரியும்.
மேலே புல், கீழே வானம்.
கொடியில் உலரும் சட்டை போல
தானியக் கிடங்கு தொங்கும்.
பதினைந்து கஜம் தள்ளி
கூரையில் ஒட்டிய பல்லியாய் எமில்
கைகளை நீட்டிக் காத்திருப்பான்.
முக்கால் நொடியில் பந்து அவனிடம் போய்ச் சேரவேண்டும்.
சேர்ந்தால் யாரும் என்னைப் பார்த்திருக்கமாட்டார்கள்.
சேராவிட்டால்
ஊருக்கே என் பெயர் தெரிந்துவிடும்.

ஆகஸ்டில் தலைக்கவசத்துக்குள் வெயில் கொதித்தது.
முதல் ஆட்டம் நாற்பத்தொன்றுக்கு மூன்று.
அந்த மூன்று எங்களுடையது.
நான் அனுப்ப, ஒருவன் நிறுத்த, எமில் உதைத்தது.
திரும்பும் வழியில் பேருந்தில்
அதைப் பற்றி நாங்கள் இருவர் மட்டும்
தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டோம்,
சாவு வீட்டில் சாப்பாட்டைப் புகழ்வது போல.

செப்டம்பர் முழுக்கத் தோல்வி.
அக்டோபரில் பழைய மாணவர்கள் வந்தார்கள்,
பாதி ஆட்டத்தில் சாஸேஜ் வரிசைக்குப் போனார்கள்,
திரும்பி வரவில்லை.
பயிற்சியாளர் ஸ்கலா கத்துவதை நிறுத்திவிட்டார்.
திங்கட்கிழமைகளில் ஆட்டத்தின் படத்தை ஓட்டி
ஒரே இடத்தில் நிறுத்தி
ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார்.
நிலக்கரி ரயில் போய்க்கொண்டே இருக்கும்.

ஒன்று சொல்கிறேன், வெளியே சொன்னதில்லை.
அணி தோற்கத் தோற்க எனக்கு வேலை கூடியது.
டெவன்ட் சறுக்கி விழும்போதெல்லாம்
ஐயோ என்று எல்லாரும் தலையில் கைவைக்க
என் நெஞ்சு ஒருமுறை துள்ளும்.
ஒரு சனிக்கிழமை பதினொரு தடவை குனிந்தேன்.
அன்று நன்றாகத் தூங்கினேன்.

அம்மா இறைச்சி ஆலையில் இரவு வேலை முடித்து
இரண்டு மணி நேரம் காரோட்டி வருவாள்.
மேல்வரிசையில் உட்காருவாள்.
நிகழ்ச்சித் தாளில் ராஸ்மஸை ரஸல் என்று அச்சடித்திருந்தார்கள்.
தன் தாளில் பேனாவால் திருத்தினாள்.
பிறகு இடப்பக்கத்துக்காரர் தாளிலும்,
வலப்பக்கத்துக்காரர் தாளிலும்.
எரிவாயு பில்லின் பின்புறம்
நான் அனுப்பும் ஒவ்வொரு பந்துக்கும் ஒரு கோடு.
ஜெயித்தீர்களா என்று கேட்டதே இல்லை.
"இன்னைக்கு ஒன்பது" என்பாள்.

நவம்பரில் எமிலின் கணுக்கால் முறிந்தது.
ஆட்டத்தில் அல்ல.
விடுதிப் படியில், பனிக்கட்டி மேல்,
கையில் பீட்ஸாவோடு.
உதைக்க வேறு ஆளில்லை.
"சனிக்கிழமை உதைக்கவே போவதில்லை" என்றார் ஸ்கலா,
"நான்காவதிலும் ஓடுங்கள்."

கடைசி ஆட்டம். பொடிப்பனி.
எல்லைக்கோட்டில் கம்பளி போர்த்தி நின்றேன்.
இத்தனை நாளில் முதல் தடவையாக
மைதானம் நேராகத் தெரிந்தது.
எவ்வளவு சின்னது அது!
டெவன்ட் நான்காவதில் பாய்ந்தான்.
மறுபடி நான்காவது, மறுபடி பாய்ந்தான்.
சேற்றிலிருந்து எழும்போது
அவன் பற்கள் மட்டும் வெள்ளை.
பதினான்குக்குப் பதின்மூன்று.

பத்து ஆட்டத்தில் ஒரே வெற்றி.
யாரோ என்னைத் தூக்கினார்கள்.
ஸ்கலா தலையில் கொட்டிய தண்ணீர்
காலரில் உறைந்தது.
நானும் கத்தினேன்.
என் சட்டையில் மட்டும் சோப்பு மணம்.

வண்டி நிறுத்துமிடத்தில் அம்மா
நூலக அட்டையால் கண்ணாடிப் பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.
பில்லைக் காட்டினாள்.
வெறுமனே விட்டிருக்கலாம்.
பெரிதாக ஒரு பூஜ்யம் போட்டிருந்தாள்.
"பசிக்குதா?"

லேஸ் கட்டக் குனிந்தேன்.
கால்களுக்கு நடுவே, தூரத்தில்,
அணைக்க மறந்த ஸ்கோர் பலகை.
தலைகீழாகப் பார்த்தாலும்
ஜெயித்துத்தான் இருந்தோம்.