இரட்டை பேசின்

பிப்ரவரியில் டூலூத்தில் எவனும் கூரையேற மாட்டான் என்று
போனிலேயே சொன்னேன்.
ஆர்டிஸ் காதில் வாங்கவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்துநாலில் கட்டிய வீடு.
அக்கா, தங்கை. அறுபது தாண்டியவர்கள்.
ஒரே கண்ணாடி முன்னால் நிற்கப் பிடிக்காமல்
போன கோடையில் இரட்டை பேசின் வைத்திருக்கிறார்கள்.
வைத்தவன் யாரென்று சொல்லவில்லை,
வைத்த லட்சணம் சொன்னது.

ஆர்டிஸ் வாய் கொப்பளித்தால்
லோர்னாவின் பேசின் விக்குகிறது.
விக்கினால் யாரோ நினைக்கிறார்கள் என்பார்கள்.
அந்த வீட்டில் அதற்கு வழியில்லை.
கொஞ்ச நேரத்தில் நாற்றம்.

நீரடித்து நீர் விலகாது என்று ஒரு பேச்சு.
விலகும்.
மூச்சுக்குழாய் இல்லாத சுவரில்
ஒருத்தி விட்ட தண்ணீர் இறங்கும் வேகம்
மற்றவளின் வளைகுழாயில் காவல் நிற்கும்
மூன்று விரற்கடைத் தண்ணீரையும்
கூட இழுத்துப் போய்விடும்.
அப்புறம் ஊரின் அடிவயிறு
நேராகக் குளியலறைக்குள் ஏப்பம் விடும்.

சுவரை உடைத்தேன்.
சுண்ணாம்பு, மரப்பட்டி, குதிரைமுடி,
பிறகு சலசலவென்று
துருப்பிடித்த சவர பிளேடுகள், இருநூறு இருக்கும்.
மருந்து அலமாரியின் முதுகில் ஒரு கீறல் துளை.
அதன் வழியே முப்பது வருஷமாக யாரோ
சுவருக்குள் போட்டுவந்தவை.
"அப்பா" என்றது கதவோரம் ஒரு குரல்.
அதுவரை லோர்னாவை நான் பார்த்ததில்லை.

பழைய இரும்புக்குழாய் பரண்வரை போய்
கந்தல் அடைத்த வாயோடு நின்றது.
எப்போதோ கூரை மாற்றியவன் கைங்கரியம்.

நாற்கை இணைப்பு ஒன்று வைத்தேன்.
இடது ஆர்டிஸுக்கு, வலது லோர்னாவுக்கு,
கீழே போவது பொது,
மேலே போவது வெறும் காற்று.
அடிக்குக் கால் அங்குலம் சரிவு, கூடினாலும் தப்பு.
கூரையும் ஏறினேன், ஆமாம்,
இடுப்பில் கயிறு, ஏரியிலிருந்து ஊசிக்காற்று.
குழாய் வெளியே வரும் இடத்தை
மூன்று அங்குலமாக அகட்டினேன்.
ஒடுங்கியதென்றால் இந்தக் குளிரில்
வீட்டின் மூச்சே உறைந்து வாயை அடைத்துவிடும்.

இடது பேசினில் இரண்டு வாளி, ஒரேயடியாக.
வலது பேசின் வாய் திறக்கவில்லை.
"சத்தமே இல்லையே" என்றாள் லோர்னா,
என்னிடமா, அக்காளிடமா, தெரியாது.
"அதுக்குத்தான் காசு" என்றாள் ஆர்டிஸ்.

பிளேடுகளைக் காபி டப்பாவில் அள்ளி, எங்கே போட என்றேன்.
ஒருத்தி குப்பை என்றாள்,
ஒருத்தி கை நீட்டினாள்.
ஜன்னல் விளிம்பில் வைத்தேன்.

பில்லைப் பாதி பாதியாகக் கேட்டார்கள்.
ஒரு சென்ட் இடித்தது.
அது யார் தலையில் என்று ஆரம்பித்தவர்கள்
நான் கருவிகளை வண்டியில் ஏற்றி,
கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டி முடித்தும்
பேசிக்கொண்டிருந்தார்கள்.