இரண்டாவது இழை

கண்டனூரில் யாருக்கும் நாங்கள் சொல்லவில்லை.
போனில் வேண்டாம், நேரில் சொல்லலாம் என்றார் வயிரவன்.
நேரில் வந்ததும்
சாப்பிட்ட பிறகு என்றார்.
சாப்பிட்ட பிறகு
கண்மாய்ப் பக்கம் ஆவாரம்பூ பறித்து வருகிறேன் என்று
அண்ணனுடைய பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

என் ஓர்ப்படியாள் சிகப்பி
பச்சரிசி மாவில் வெல்லப்பாகை விட்டுப் பிசைந்தபடி
"இடப்பக்கமாவே ஒருக்களிச்சுப் படு" என்றாள்.
"நெல்பொரிய எட்டி எடுக்காதே, நான் எடுக்குறேன்."
தலையை ஆட்டினேன்.
தலையாட்டுவது பொய் ஆகுமா என்று
யாரிடம் கேட்பது.

புது வேட்டியிலிருந்து
நாளுக்கு ஒரு நூலாக உருவி
இருபத்தொரு நாள் சேர்த்தால் ஒரு திரி.
ஆளுக்கு ஒரு திரி.
பிள்ளை உண்டானவளுக்கு மட்டும் இரண்டு.

கோயில் வரிப் புத்தகத்தில்
கல்யாணம் ஆனால்தான் ஒருவன் புள்ளி.
அதுவரை அவன் எவ்வளவு உயரம் வளர்ந்தாலும் கணக்கில் இல்லை.
பிள்ளையார் நோன்பில் மட்டும்
பிறக்காததற்கும் ஒரு வாய் உண்டு.
கல்யாணமான புதிதில் இதைக் கேட்டு
சிரித்திருக்கிறேன்.

சிகப்பி முதல் நூலை உருவிய அன்று
அது போய் இருபத்தாறு நாள்.
பெருங்குடியில்
அந்த ஸ்கேன் பெண்
"இன்னொரு தடவை பார்க்கிறேன்" என்று
வயிற்றில் இன்னும் கொஞ்சம் ஜெல் வைத்தாள்.
குளிர்ந்தது.
அதற்குப் பிறகு அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

தெரியாமல் இவள்
தினமும் குளித்து,
ஈரத் தலையோடு,
அதற்கென்று ஒரு நூல்.
இருபத்தொரு தடவை.

சங்கு ஊதினார்கள்.
பெரியவன் லெட்சுமணனுக்கு மூச்சு போதாமல்
பாதியில் காற்று மட்டும் வந்தது,
குழந்தைகள் சிரித்தார்கள்.
மைத்துனர் மாவைக் கூம்பாகப் பிடித்து
திரியை நட்டுக் கொளுத்தி
ஒவ்வொருவர் வாயிலும் கொடுத்தார்.
எரிகிற பிள்ளையாரை அப்படியே வாங்கி
வாயை மூட வேண்டும்.
மூடினால் அணையும்.
திறந்து வைத்திருந்தால்தான் சுடும்.

எனக்கும் கொடுத்தார்.
உதட்டில் ஒரு நொடி வெயில்,
பிறகு வெல்லம்.

கும்பிட்டு நகர்ந்தேன்.
"இரு ஆத்தா, இன்னொண்ணு"
என்று அடுத்ததைக் கொளுத்திவிட்டார்.

இவரைப் பார்த்தேன்.
இவர் விளக்கைப் பார்த்தார்.
சிகப்பி எங்கள் இருவரையும் பார்த்தாள்,
கையிலிருந்த நெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்,
சத்தமே வராமல்.

மைத்துனரின் விரலுக்கு நெய் உருகி இறங்கியது.
சுட்டிருக்கும். அவர் கையை மாற்றவில்லை.
ஏற்றியதை ஊதி அணைக்கக் கூடாது.
இன்னொருவர் இழையை எடுக்கலாமா என்பதற்கு
முறை எதுவும் யாருக்கும் தெரியவில்லை.

பிள்ளையாரோடு ஒன்றரை மாதமாக
நான் பேசுவதில்லை.
வாசலில் அவரைத் தாண்டித்தான் ஆபீஸ் போகிறேன்,
பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டை போட்டவள் போல.
என்ன நம்பி இங்கே வந்தாய் என்று கேட்டால்
நம்பி வரவில்லை.
டிக்கெட் போட்டிருந்தது, வந்தேன்.

சிகப்பி என் பின்னால் வந்து நின்றாள்.
முதுகில் கையை வைத்தாள்.
"அதுக்கும்தான் எடுத்தது" என்றாள்.
"வாங்கிக்க."

திறந்தேன்.

அன்று ராத்திரி யாரும் எதையும் கேட்கவில்லை.
கருப்பட்டிப் பணியாரம் ஆறிப் போயிருந்தது.
சிகப்பி மட்டும்
மிச்சப் பொரியை டப்பாவில் அடைத்துக்கொண்டே
அவளுடைய இரண்டாவதைப் பற்றிச் சொன்னாள்.
லெட்சுமணனுக்கும் சோலைக்கும் நடுவில் ஒன்று.
வீட்டில் ஒருவருக்கும் தெரியாதாம்.
அந்த வருஷமும் இரண்டு எடுத்தாளாம்.

காலைப் பல்லவனில் ஏறினோம்.
இவர் ஜன்னல் பக்கம் தூங்கிப்போனார்,
சட்டைப் பையில் ஒரு ஆவாரம்பூ, வாடி.
திருச்சி தாண்டும்போது
கடைவாய்ப் பல்லிடுக்கில்
ஏதோ உறுத்தியது.
நாக்கால் தடவிப் பார்த்தேன்.
நூல்.

எந்தத் திரியுடையது என்று தெரியவில்லை.
எடுக்கவில்லை.