இருநூறு கிராம்

என்சியோ சூட்டைக் கிராம் கணக்கில் விற்கிறான்.
நூற்றைம்பது, இருநூறு, இருநூற்றறுபது:
ஒரு சதுர மீட்டர் கம்பளியின் எடை.
தொட்டுப் பார் என்று நீட்டுகிறான்.
எனக்குக் கைமேல் நம்பிக்கை கிடையாது,
பதினெட்டு வருஷமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டித்
தேய்ந்த கை.
கழுத்தில் வைத்துத் தேய்த்தேன்.
குத்தினால் கழுத்து உடனே கோள் சொல்லிவிடும்.

பெண்கள் அளவில் இருந்தது ஒன்றே ஒன்று,
ஊதாப்பூ போட்டது.
கை மணிக்கட்டுக்கு முன்பே நின்றுவிட்டது,
குனிந்தால் முதுகில் காற்று.
மூஸ் வேட்டைக்குப் போகும் பெண்
குனியவே மாட்டாள் என்று யாரோ முடிவுகட்டித்
தைத்திருக்கிறார்கள்.
ஆண்களின் சின்ன அளவை எடுத்துக்கொண்டேன்.

பருத்தி வேண்டாம்.
வீட்டில் அது தங்கமான பிள்ளை,
காட்டிலோ குடித்த தண்ணீரைத் திருப்பித் தராது.
போன வருஷம் உர்ப்போ பருத்திச் சட்டையோடு
சதுப்பைத் தாண்டி ஓடிவந்து காவலில் நின்றான்.
ஒன்பது மணிக்கு ரேடியோவில் பாட்டுப் பாடினான்.
பத்தரைக்கு நாக்குக் குழறியது.
காலையிலேயே ஊற்றிக்கொண்டான் என்று
எட்டுப் பேரும் சிரித்தோம்.
பதினொன்றுக்குத்தான் தேடிப் போனோம்.
அந்தச் சிரிப்பைப் பற்றி
இன்றுவரை யாரும் பேசவில்லை.

பாலியஸ்டர் சீக்கிரம் காயும், மறுக்கவில்லை.
ஆனால் மூன்றாம் நாள் அதன் நாற்றம்
எனக்கு முன்னால் காட்டுக்குள் போய்
என் பெயரைச் சொல்லி வைக்கும்.

எல்லாவற்றுக்கும் அடியில், தோலை ஒட்டி,
நார்வேக்காரர்களின் வலைப் பனியன்.
மீன் பிடிக்கவா என்று கேட்டேன்.
பாதிக்கு மேல் ஓட்டை.
அந்த ஓட்டைகளுக்குத்தான் காசு, என்றான் என்சியோ,
காற்று அதற்குள் வந்து குடியிருக்கும்.
பனிக்குப் பனியன், எழுபத்தொன்பது யூரோ.
கொடுத்தேன்.

நவம்பர் கடைசி. மைனஸ் பதினேழு.
நான்காம் காவலுக்கு இரண்டு கிலோமீட்டர்,
முழங்கால்வரை பனி.
புறப்படும்போது குளிர வேண்டும்,
குளிராவிட்டால் அதிகம் உடுத்திருக்கிறோம்:
தெரிந்த விதிதான்.
கோட்டைப் பையில் கட்டிக்கொண்டு
பல் நடுங்க மெதுவாகத்தான் கிளம்பினேன்.
ஏரிப் பக்கம் ஹல்லி குரைத்தது.
என் கால்கள் என்னைக் கேட்கவில்லை.
வந்து சேர்ந்தபோது
முதுகெலும்பு நெடுக ஓர் ஆறு.

ஐந்து மணி நேரம் அசையாமல் இருக்க வேண்டியவள்
ஈரத்தோடு உட்காரக் கூடாது.
துப்பாக்கியை ஸ்ப்ரூஸ் மரத்தில் சாய்த்தேன்.
ஆரஞ்சு மேலங்கி, கம்பளி, வலை,
ஒவ்வொன்றாய்க் கிளையில் மாட்டினேன்.
கதவு திறந்த சவுனாபோல
என் தோளிலிருந்து ஆவி எழுந்தது.

நிமிர்ந்தால்,
முப்பது மீட்டரில் ஒரு தாய் மூஸ்.
விலாவை ஒட்டிக் குட்டி.
எங்கள் அனுமதிச் சீட்டில் மிச்சமிருந்தது
ஒரே ஒரு குட்டி.

காற்று அதன் பக்கமிருந்து என் பக்கம்.
அது பார்த்தது,
வெயில் காணாத இந்த வெள்ளைத் தோலை,
மூன்று சட்டை காய்த்த மரத்தை.
அதன் மயிர் ஒவ்வொன்றும் உள்ளே குழல்,
குழலுக்குள் காற்று.
எந்தக் கடையிலும் கழுத்தில் தேய்த்துப் பாராமல்
பிறக்கும்போதே சரியானதை உடுத்தி வந்தது.

துப்பாக்கி நான்கு எட்டில்.
மாற்றுச் சட்டை கையிலேயே,
என்சியோவின் மடிப்புக்கூடக் கலையாமல்.
நான் யோசித்ததாகச் சொல்ல முடியாது.
தலையை உள்ளே விட்டேன்.
மூன்று நொடி இருட்டு,
ஆட்டு மந்தையின் மணம்,
கழுத்தை எங்கே வைத்தான் என்று தேடல்.
வெளியே வந்தபோது
ஒரு கிளை மட்டும்
தன் பனியைக் கொட்டிவிட்டு ஆடிக்கொண்டிருந்தது.

நான்காம் காவல், ஏதாவது? ரேடியோவில் உர்ப்போ.
ஒன்றுமில்லை, என்றேன்.
குளிருகிறதா?
இல்லை.
கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல்.
எத்தனை கிராம்? என்று கேட்டான்.