வாய்தா

ஏப்ரல் பதினைந்து, இரவு பதினொன்று பதினேழு.
ஒமாஹாவில் மழை.
டாட்ஜ் தெரு சிக்னல்
வண்டியே வராத சாலைக்குப் பச்சை காட்டிக்கொண்டிருக்கிறது.
நாற்பத்தெட்டு அறுபத்தெட்டு என்றொரு படிவம்.
நிரப்பி அனுப்பினால்
ஆறு மாதம் தருகிறார்களாம்.

காரணம் எழுத ஒரு கட்டம் இருக்கும் என்று
மேலும் கீழும் தேடினேன்.
‘கடும் காய்ச்சல் காரணமாக’ என்று
ஆறாம் வகுப்பிலிருந்து எழுதிப் பழகிய கை.
கட்டம் இல்லை.
ஏன் என்று கேட்காமல் கொடுக்கும் அலுவலகத்தை
இப்போதுதான் பார்க்கிறேன்.
கொஞ்சம் ஏமாற்றம்கூட:
நல்ல பொய் ஒன்று தயாராக வைத்திருந்தேன்.

பெயர், அட்டையில் உள்ள பிழையோடு அப்படியே:
மங்கயர்கரசி.
முகவரி, புது வீடு.
ஜிப் எண்ணை மின்கட்டண ரசீதைப் பார்த்து அடித்தேன்.
அடுத்தது:
துணைவர் பெயர்,
சேர்ந்து தாக்கல் செய்வதானால்.

அந்த ‘ஆனால்’ பக்கத்தில்
கர்சர் வெகுநேரம் துடித்துக்கொண்டிருந்தது.

தெய்வசிகாமணி ஆகஸ்டில் லிங்கனுக்குப் போனான்.
ஐம்பத்தைந்து மைல்.
சண்டை என்று சொல்ல முடியாது.
பாத்திரம் கழுவும் இயந்திரத்தில்
தட்டுகள் எந்தப் பக்கம் பார்த்து நிற்க வேண்டும்
என்று தொடங்கிய பேச்சு
பாதியில் நின்றது, இன்னும் அங்கேயே நிற்கிறது.
வக்கீல் இல்லை, வழக்கு இல்லை,
வாய்தா மட்டும் நடக்கிறது.
ஆறப் போட்டால் சரியாகும் என்றாள் அவன் அக்கா, போனில்.
ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்றாள் என் தங்கை, வேறொரு போனில்.
வரித்துறைக்கோ
டிசம்பர் முப்பத்தொன்று இரவு
எந்த ஊரில் படுத்திருந்தேன் என்ற கவலையில்லை;
கல்யாணம் ஆனவளா, இல்லையா?

பிறகு தொகை.
எவ்வளவு தர வேண்டியிருக்கும், உத்தேசமாகச் சொல்.
தாக்கல் செய்யத்தான் அவகாசம்,
கட்டுவதற்கு அல்ல.
மிச்சத்துக்கு இன்றிலிருந்து வட்டி ஓடும்.
அறுநூற்று நாற்பது டாலர் என்று போட்டேன்.
வங்கியிலிருந்து எடுக்க வேண்டுமானால்
நீ நீதான் என்று நிரூபிக்க
போன வருட வருமானத்தைச் சொல் என்றது.

போன வருடம் அவன் மடிக்கணினியில் இருக்கிறது.

‘பதினோராவது வரி எவ்வளவு?’
வணக்கம் இல்லை, பெயர் இல்லை, அவ்வளவுதான் அனுப்பினேன்.
மூன்று புள்ளிகள் எழுந்து குதித்தன, அடங்கின.
ஒரு படம் வந்தது.
தாளின் ஓரத்தில் அவன் கட்டைவிரல்,
நகத்தைக் கடித்துக் கடித்துச் சதை தெரிந்தது.
கீழே:
‘நானும் இன்னும் போடலை.’

பதினொன்று இருபத்தொன்பதுக்கு
அந்தத் தாள்
எடுத்துக் கொடுக்கத் தயாராக
அவன் மேஜையில் விரிந்து கிடந்திருக்கிறது.

விதிகளைப் படித்தேன். பொடி எழுத்து.
சேர்ந்து கேட்ட அவகாசத்தைப்
பின்னால் தனித்தனியாகவும் பயன்படுத்தலாமாம்.
கட்டிய பணத்தை
எந்தக் கணக்கில் வேண்டுமானாலும் பிரித்துக்கொள்ளலாமாம்.
இவ்வளவு யோசித்து எழுதியவர்
யாரோ, எந்த ஊரோ,
அவர் வீட்டில் தட்டுகள் எந்தப் பக்கம் பார்த்து நிற்கின்றனவோ.

அவன் பெயரை அடித்தேன்.
அவனுடைய ஒன்பது இலக்கங்களையும்
விரல்கள் தாமாகவே அடித்து முடித்தன.
என்னுடையதைத்தான் சற்றுமுன்
அட்டையைப் பார்த்துப் பார்த்து அடித்திருந்தேன்.

பதினொன்று ஐம்பத்திரண்டு.
ஏற்கப்பட்டது.

‘ரெண்டு பேருக்கும் சேர்த்தே போட்டுட்டேன்.
அக்டோபர் பதினைந்து வரைக்கும்.’

அக்டோபரில்
இரண்டு ஊருக்கும் நடுவே சோளம் அறுத்திருப்பார்கள்,
சாலையிலிருந்து வெகுதூரம் தெரியும்.
இதை அனுப்பவில்லை.

பதிலுக்கு ஒரு மஞ்சள் கட்டைவிரல் அனுப்பினான்.
பெரிதாக்கிப் பார்த்தேன்.
கடிக்க நகமே இல்லாத விரல்.