மஞ்சள் அட்டை

இரண்டாம் அரங்கு, முதல் வரிசை, சுவரோர நாற்காலி.
மடியில் மூன்று அட்டைகள்.
பச்சை: இன்னும் ஐந்து நிமிடம்.
மஞ்சள்: ஒன்று.
சிவப்பு: போதும், இறங்கு.
அட்டை பிடிப்பவனுக்கு மதிய சூப் இலவசம்.
அதற்காகத்தான் ஒப்புக்கொண்டேன் என்று
கேட்பவர்களிடம் சொல்கிறேன்.
நாளை காலை ஒன்பது இருபதுக்கு
இதே மேடையில் எனக்குப் பன்னிரண்டு நிமிடம்.

தார்த்துவில் நவம்பர்.
நாலு மணிக்கே ஜன்னல் கறுத்துவிட்டது.
காலையிலிருந்து பதின்மூன்று பேர் ஏறி இறங்கிவிட்டார்கள்.

ரீகாவிலிருந்து வந்த ஆக்னியா
ஆறு நிமிடத்தைத் தன் நிறுவனத்தின் வரலாற்றுக்குக் கொடுத்தாள்,
இரண்டை நன்றிக்கு.
கண்டுபிடித்ததை மட்டும் மஞ்சள் அட்டைக்குக் கீழே
ரயிலைத் துரத்துகிறவள் போல மூச்சிரைக்கச் சொன்னாள்.
நல்ல கண்டுபிடிப்பு.
யார் காதிலும் ஏறவில்லை.

இன்னொருவர் திரையோடு பேசினார்.
எங்களுக்கு வாய்த்தது அவர் முதுகு,
காலருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த சலவைக் குறிப்பு.
அவருடைய பாசிகள் பற்றி ஒன்றும் நினைவில்லை.
சட்டையை நாற்பது டிகிரியில் துவைக்க வேண்டும்.

"பின்வரிசைக்கு இது தெரியாது, மன்னிக்கவும்" என்றபடி
கடுகு இறைத்த மாதிரி ஒரு அட்டவணையைக் காட்டினான்
மூன்றாமவன்.
தெரியாததை ஏனப்பா காட்டுகிறாய்?
அதைக் கேட்க என்னிடம் அட்டை இல்லை.

சிரிக்கிற யோக்கியதையும் இல்லை.
என் லேப்டாப்பில் முப்பத்தெட்டு ஸ்லைடுகள்.
இரண்டு குளிர்காலம் பெய்ப்சி ஏரியின் உறைந்த முதுகில்
துளை போட்டவன் நான்.
துளைக்கு ஒரு ஸ்லைடாவது வேண்டாமா?
விரல் மரத்த நாளுக்கு ஒன்று,
துளைக்கருவி உறைந்து நின்ற நாளுக்கு ஒன்று,
ஒன்றுமே கிடைக்காத பிப்ரவரிக்கு
நாலாவது.

ஒத்திகையில் ஒன்பதாவது ஸ்லைடு வந்தபோது
ஆப்பிளைக் கடித்துக்கொண்டே மால்லே கேட்டாள்:
"நீ பட்ட பாடு தெரிந்துவிட்டது.
ஏரிக்கு என்ன ஆச்சு?"

பதினான்காவதாக ஹில்யா.
யொயென்சூவிலிருந்து வந்தவள், முதலாமாண்டு,
காலில் சேறு காயாத பூட்ஸ்.
மைக்கைப் பிடித்தாள். பேசவில்லை.
நான் கடிகாரத்தைப் பார்த்தேன்: நான்கு நொடி.
போனை நோண்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம்
என்னமோ ஆகிவிட்டது என்று தலை தூக்கினார்கள்.
"எங்கள் ஏரியில் மீன்கள்
தப்பான மாதத்தில் முட்டையிடுகின்றன" என்றாள்.
பிறகு ஏன் என்று தேடிப் போனாள்.
நாங்களும் கூடவே போனோம்.
மொத்தம் ஒரே ஒரு வரைபடம்.
கிடைக்கோடு என்ன, நேர்க்கோடு என்ன என்று சொல்லி
அது எங்கள் கண்ணில் இறங்கும்வரை நின்றாள்.
மஞ்சளைத் தூக்கக் கையெடுத்தேன்.
அவள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.
முடித்துவிட்டிருந்தாள்.

"இது கேள்வியல்ல, ஒரு கருத்து" என்று எழுந்தவர்
மூன்று நிமிடம் தன்னைப் பற்றியே பேசினார்.
பார்வையாளர்களுக்கும் சிவப்பு அட்டை வேண்டும்,
அமைப்பாளர்களிடம் சொல்ல வேண்டும்.
அடுத்து ஒரு கிழவர், மெதுவாக:
"அடியாழத்தில் ஆக்சிஜன் எவ்வளவு?"
அரங்கமே அவளைப் பார்த்தது.
"தெரியாது" என்றாள். "அளக்கவில்லை."
என் வயிறு கலங்கியது, அவளுக்காக.
கிழவரோ தலையை ஆட்டி
எதையோ குறித்துக்கொண்டார்.
இடைவேளையில் இரண்டு பேரும் ஒரே மேசையில்,
காபிக் கோப்பையை ஏரியாக வைத்து
விரலால் ஆழம் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

இரவு விடுதி அறை.
முப்பத்தெட்டு இருபதாயிற்று.
இருபது பதினொன்றாயிற்று.
விரல் மரத்த நாள் போனது. பிப்ரவரி போனது.
பனிமேல் துளைக்கருவியைக் கட்டிப்பிடித்து
பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் என் படத்தை மட்டும்
அழிக்கக் கை வரவில்லை.
நன்றிக்கும் பின்னால், கடைசியில் ஒளித்துவைத்தேன்,
யாராவது கேட்டால் இருக்கட்டும் என்று.
யாரும் கேட்கப்போவதில்லை.

அலமாரிக் கண்ணாடியின் முன் நின்று
பாக்கெட்டில் வந்துவிட்ட மஞ்சள் அட்டையை
எனக்கு நானே தூக்கிக் காட்டுகிறேன்.
பன்னிரண்டு நிமிடம் பதினான்கு நொடி.
பக்கத்து அறைக்காரன் சுவரைத் தட்டுகிறான்.
மன்னித்துக்கொள், இன்னும் ஒரே ஒரு தடவை.
"எங்கள் ஏரி..."