ஈசூனில் இறுதிச் சுற்று

பத்தாம் மாடி. ஹயாத்தி வீட்டு சோபா.
நடுவில் மரவள்ளிச் சிப்ஸ் பொட்டலம்,
நான்கு கால்களிலும் பகல் முழுக்க நின்ற வீக்கம்.
திரையில் இருவர் மிச்சம்.
நடுவர் உறையைப் பிரிக்கும் நேரம் பார்த்து
ஷாம்பூ விளம்பரம்.

"நெட்டைக்காரி ஜெயிப்பா" என்கிறேன்.
"ம்ஹூம், அவளுக்கு நிக்கத் தெரியல லா."
நிற்பது பற்றி அவளுக்குத் தெரியும்:
சாங்கி முனையத்தில் வாசனை அட்டை நீட்டியபடி
எட்டு மணி நேரம், ஹீல்ஸில்.

பெயர் சொல்கிறார்கள். பொன்தாள் மழை.
தோற்றவள் கைதட்டுகிறாள்;
கேமரா நகர்ந்த பிறகும்
சட்டத்தின் ஓரம் பாதித் தோள் மட்டும் தெரிய
தட்டிக்கொண்டே இருக்கிறாள்.

ஹயாத்தி ஒலியை அணைக்கிறாள்.
கீழே கடைசிப் பேருந்து பெருமூச்சுவிட்டு நிற்கிறது.
"பாரு, இன்னும் நிறுத்தல" என்கிறாள்,
என் பாதத்தைத் தன் மடிக்கு இழுத்து.