ஒரு நூல் மேலே

நுங்கு போல என்று முதல் அறிக்கையில் எழுதியிருந்தேன்.
கைடு அடித்துவிட்டார்.
'ஒளி ஊடுருவும், மீள்தன்மை கொண்ட' என்றாயிற்று.
சரிதான். தொட்டால் நுங்குதான்.

தொண்ணூறு டிகிரியில் மூன்று மணி நேரம் கிளறினால்
லேசில் கரையாத அந்த வெள்ளைப் பொடி கரையும்.
உப்பு போட்டு அச்சில் ஊற்ற வேண்டும்.
இரவெல்லாம் உறைய வைத்து, பகலில் இளக விட்டு,
மறுபடி உறைய வைத்து.
ஒவ்வொரு குளிருக்கும் இழைகள்
இன்னும் கொஞ்சம் நெருங்கிப் பிடித்துக்கொள்ளும்.
மீதியெல்லாம் தண்ணீர்.
உப்பைப் பற்றிக்கொண்டு மின்சாரம் அதில் நீந்திப் போகும்;
இழுத்தால் பாதை நீளும், மெலியும்,
ஓம் கணக்கு ஏறும்.
அவ்வளவுதான் நான்கு வருடப் படிப்பு.

அக்னி நட்சத்திரத்தில் காட்பாடியில் கரண்ட் போனது.
திரும்பி வருவதற்குள்
ஏழு பட்டைகள் அப்பளம்.
பாலாற்றை இழுப்பேன் என்று பார்க்கிறீர்கள். மாட்டேன்.
எடை போட்டேன், பாதிக்கு மேல் காற்றோடு போயிருந்தது.
அதற்கப்புறம்தான் கிளிசரின்,
உதட்டு வெடிப்புக்கு மருந்துக்கடையில் கொடுப்பார்களே, அதேதான்.

வியாழக்கிழமை தேவகிருபை வந்தாள்.
ராணிப்பேட்டையில் ஷூ மேல்பாகம் தைப்பவள்.
ஆட்காட்டி விரல் மூட்டில்
மெஷின் ஊசி இறங்கி ஆறு மாதம்.
மூட்டின் மேல் பட்டையை ஒட்டினேன்.
"ஜில்லுனு இருக்கு."
மடக்கச் சொன்னேன், கோடு ஏறியது.
நீட்டச் சொன்னேன், இறங்கி வந்து
பூஜ்யத்துக்கு ஒரு நூல் மேலே
நின்றுவிட்டது.

ஒயரை மாற்றினேன். மீண்டும் ஒட்டினேன்.
அதே ஒரு நூல்.
இழுபட்டது இழுபட்டபடி கொஞ்சம் தங்கிவிடும்,
இந்த ஜெல்லின் புத்தி அது,
இரண்டு மாதமாக அதோடுதான் சண்டை.
மன்னிப்புக் கேட்கும் குரலில் அவளிடம் சொன்னேன்.
அவள் திரையைப் பார்த்தாள். விரலைப் பார்த்தாள்.
"அது சரியாத்தான் காட்டுது மேடம்.
முழுசா நீளலையே, பாருங்க."

கோணமானி வைத்தேன்.
எட்டு டிகிரி.

எட்டு டிகிரிக்கு
நாளைக்கு எத்தனை ஜோடி குறையும் என்று
அவளே விரல் விட்டு எண்ணினாள்,
அடிபட்ட விரலையும் சேர்த்து.
கணக்குக்குக் கூடவே
கோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

பட்டையை உரிக்கும்போது
தோலும் கொஞ்சம் எழும்பி வந்து
பிறகு விட்டது.
அந்தக் கடைசி இழுப்பும் பதிவாகியிருக்கிறது.
எந்தப் படத்தில் சேர்ப்பதென்றுதான்
தெரியவில்லை.